மேகம் இறங்காத கோப்பை

மேசையக்காவுக்குப் பொய் சொல்ல வராது. உடனே, ஆகா எவ்வளவு உத்தமி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சிலருக்கு விசிலடிக்க வராது, சிலருக்கு நீச்சல் வராது. இவளுக்கு இது வராது, அவ்வளவுதான். வாய் என்னவோ ஒழுங்காகத்தான் பேசும். முகம்தான் காட்டிக்கொடுத்துவிடும். மூக்கு நுனி சிவக்கும், ஒரு புருவம் மட்டும் தனியாக மேலே போகும், அதை இறக்கப் பார்த்தால் கன்னம் துடிக்க ஆரம்பித்துவிடும். பள்ளிக்கூடத்தில் வயிற்றுவலி என்று லீவு கேட்டு ஒரு நாளும் அவளுக்குக் கிடைத்ததில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குப் போனாள். வருகிறவர்கள் ஒவ்வொரு ஃபிரேமாக மாட்டிக்கொண்டு, "எனக்கு இது எடுப்பா இருக்கா?" என்று கேட்பார்கள். "ரொம்ப எடுப்பா இருக்குங்க" என்பாள். கேட்டவர் இவள் முகத்தைப் பார்ப்பார், பேசாமல் கழற்றி வைத்துவிட்டுப் போய்விடுவார். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "நீ வாயால விக்கிற, மூஞ்சியால திருப்பி வாங்கிக்கிற. நமக்கு ஒத்துவராதும்மா" என்று பெரிய கும்பிடாகப் போட்டு அனுப்பிவிட்டார்.

பிறகு கல்யாணமாகி, புருஷன் வேலை பார்த்த, ஜின் என்கிற சாராயம் வடிக்கிற ஆலையிலேயே கோப்பை கழுவப் போனாள். புருஷனுக்கு அங்கே வடிக்கிற அறையில் வேலை. காலை முதல் சாயங்காலம் வரை செப்புக் கொப்பரை பக்கத்தை விட்டு நகராத ஆள் என்பதால் எல்லாரும் அவரைக் கொப்பரையார் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆலை என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். பஸ் பணிமனைக்குப் பின்னால் ஒரு நீளமான பழைய கட்டடம். பின்பக்கம் வடிக்கிற அறை, நடுவில் பாட்டிலில் நிரப்புகிற இடம், தெருவைப் பார்த்த முன்னறையில் ஒரு நீண்ட மர மேசை. வருகிறவர்களுக்கு அந்த மேசையில்தான் ருசி காட்டுவார்கள். பிடித்துப்போனவர்கள் வாசல் பக்கத்து அலமாரியில் பாட்டில் வாங்கிக்கொண்டு போவார்கள்.

அவள் மேசைக்கு வந்த கதை வேடிக்கையானது. ஒரு நாள் ஊற்றிக்கொடுக்கிற ஆள் ஆகா ஓகோ என்று அளந்துகொண்டிருந்தபோது, வந்தவர்களில் ஒருவர் கழுவும் தொட்டியருகே நின்ற இவளிடம் திரும்பி, "நீங்க சொல்லுங்க, நல்லாயிருக்குமா?" என்று கேட்டுவிட்டார். அந்தத் தடவை வடித்ததில் எலுமிச்சைத் தோல் தீய்ந்துபோயிருந்தது ஆலைக்கே தெரியும். "நல்லாயிருக்குங்க" என்றாள். புருவம் போய் உச்சியில் நின்றது. அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு வெளியே போய்விட்டார்கள். முதலாளி, மழை வெயில் பாராமல் தலையில் தொப்பியோடு திரிகிறவர், அவர் பெயரே தொப்பிதான், அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். வேலை போச்சு என்று அவள் ஏப்ரன் முடிச்சை அவிழ்க்கப் போனாள்.

தொப்பி லேசுப்பட்ட ஆளா? தீய்ந்த சரக்கை மொத்தமாகக் கொட்டச் சொன்னார். மறுநாள் இவளை மேசைக்கு முன்னால் நிறுத்திவிட்டார். "நீ நல்லாயில்லைன்னா ஊரே நம்புதும்மா. அப்ப நல்லாயிருக்குன்னு சொன்னாலும் நம்பும்தானே?" என்றார். அந்த மூளை வேறு யாருக்கு வரும் என்று அவள் அன்றைக்கு அவரைக் கும்பிட்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, அவள் பரிமாறுகிற அழகே அழகு. முதலில் வெறும் கோப்பையைக் கையில் கொடுத்து முகரச் சொல்வாள். பிறகு அடியில் கொஞ்சமாக ஜின்னை ஊற்றி, "மூக்கை உள்ள விட்றாதீங்க, எரியும். வாயை லேசா திறந்து வெச்சுக்கிட்டு மோந்து பாருங்க" என்பாள். முதலில் பச்சை மரத்தைச் சீவின மாதிரி, ஜின்னுக்கு ஆதாரமான ஜூனிப்பர் காய் வாசனை வரும். அது நகர்ந்தால் எலுமிச்சைத் தோல், அதன் பின்னால் கொத்தமல்லி விதை, ஏலக்காய். ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டி விழுங்கினால், எல்லாம் போன பிறகு தொண்டையில் வேர் வாசனை ஒன்று தங்கும், மழையில் நனைந்த மண் மாதிரி. அவள் எதையும் முந்திக்கொண்டு சொல்லமாட்டாள். அவர்களாகக் கண்டுபிடிக்கும்வரை காத்திருப்பாள்.

கடைசியில்தான் அவளுடைய வித்தை. ஐஸ் போட்டுக் குளிரவைத்த தண்ணீரை மூக்கு நீண்ட சின்னக் குவளையிலிருந்து சொட்டுச் சொட்டாக விடுவாள். பளிங்கு மாதிரி இருந்த ஜின்னுக்குள் மெல்லிசாக ஒரு புகை கிளம்பும், சுழலும், கோப்பை முழுக்க வெள்ளையாகப் படரும். "மேகம் இறங்குது பாருங்க" என்பாள். "எண்ணெய்ங்க. தோல்லயும் விதையிலயும் இருக்கிற எண்ணெய். இவ்வளவு நேரம் சாராயத்துல கரைஞ்சு ஒளிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. தண்ணி சேர்ந்ததும் ஒளிய முடியாம வெளிய வந்துடுச்சு." பிறகு அந்த வாக்கியத்தைச் சொல்வாள்: "இதுல வெளியிலருந்து எந்த வாசனையும் கலக்கலைங்க. எல்லாம் கொப்பரையில வெந்து வந்தது." எல்லாரும் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். முகம் துடைத்துவைத்த தட்டு மாதிரி இருக்கும். நேராக அலமாரிக்குப் போவார்கள்.

அந்த ஒரு வாக்கியம்தான் அவளுடைய சொத்து. ஜென்மத்தில் முதல் தடவையாக அவள் முகம் அவளுக்கு ஒத்தாசையாக இருந்த இடம் அது. மேசையில் வேறு வாசனை குறுக்கே வரக்கூடாது என்று அதற்காக அவள் வாசனை சோப்பை விட்டாள், பவுடரை விட்டாள், காலையில் காப்பியை விட்டாள். அண்ணன் மகள் ஆசையாக வாங்கிக்கொடுத்த செண்ட் புட்டி இன்னும் சீல் உடைக்காமல் பீரோவில் கிடக்கிறது. சாயங்காலம் புருஷன் சட்டையைத் துவைக்கப் போடும்போது முகர்ந்து பார்த்து, இன்றைக்கு எலுமிச்சைத் தோல் கொஞ்சம் தூக்கல் போலிருக்கிறதே என்பாள். "உங்கிட்ட எதையும் மறைக்க முடியாதும்மா" என்று அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கே இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

எப்போதாவது யாராவது திரும்பி வந்து குறை சொல்வதுண்டு. ஊன்றுகோல் வைத்துக்கொண்டு நடக்கிற ஒரு வயசான அம்மா அப்படித்தான் வந்தார். "வீட்ல ஊத்திப் பாத்தேன்மா, மேகம் இறங்கவே இல்லையே" என்றார். மேசையக்கா இதை ஏற்கெனவே புருஷனிடம் கேட்டு வைத்திருந்தாள். அவர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னாள்: "தண்ணி நல்லா குளிரா இருக்கணும்மா. குளிர் பத்தலைன்னா இறங்காது." அந்த அம்மா இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி நம் கைதான் சரியில்லை போலிருக்கிறது என்று இன்னொரு பாட்டில் வாங்கிக்கொண்டு போனார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவள் அண்ணன் புது வீட்டுக்குக் குடிபோனான். ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். சுவரில் பெயிண்ட் வாசனை போகவில்லை, ஜன்னலுக்குத் திரை போடவில்லை. நாற்காலி பத்தாமல் பாதிப் பேர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் உள்ளேயிருந்து ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"என்ன இருக்கு சொல்லு பாப்போம்? உன் சரக்குதான். பெரிய கடையில அடுக்கி வெச்சிருந்தான். என் தங்கச்சி ஊத்திக்குடுக்கிற சரக்குய்யான்னு பில்லு போடுறவன்கிட்ட சொல்லிட்டு வந்தேன்."

கொப்பரையார் படியிலிருந்து எழுந்து வந்தார். "கடையில எதுக்கு மச்சான் வாங்கினீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கொண்டுவந்திருப்பேனே."

"எத்தனை தடவைதான் மாப்பிள்ளை நீங்களே கொண்டுவருவீங்க? ஒரு தடவை நானும் வாங்குறேன்."

உண்மைதான். வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் அவர்தான் ஆலையிலிருந்து பாட்டில் கொண்டுவருவார். கடையில் வாங்க யாரையும் விட்டதே இல்லை. எவ்வளவு நல்ல மனசு என்றுதான் குடும்பமே நினைத்துக்கொண்டிருந்தது.

"அத்தை, மேகம் இறக்கிக் காட்டுங்க அத்தை" என்று அண்ணன் மகள் பிடித்துக்கொண்டாள். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள்.

"லீவு நாள்ல எதுக்கு அவளைப் போட்டு வேலை வாங்குறீங்க? விடுங்க" என்றார் கொப்பரையார்.

"இதுல என்ன வேலைங்க?" என்று மேசையக்கா எழுந்துவிட்டாள். உறவுக்காரர்கள் முன்னால் தன் தொழிலைக் காட்ட யாருக்குத்தான் ஆசை இருக்காது? அண்ணியிடம் ஒரு மெல்லிய கண்ணாடிக் கோப்பை வாங்கித் துடைத்தாள். பாட்டிலைத் திறந்து அடியில் கொஞ்சம் ஊற்றினாள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீரில் ஐஸ் கட்டிகளைப் போட்டு, குவளை வெளிப்பக்கம் வேர்க்கும்வரை காத்திருந்தாள். மாடிப்படியில் இருந்தவர்கள் எல்லாம் இறங்கி வந்து சுற்றி நின்றார்கள்.

சொட்டு விட்டாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டாள். கோப்பை பச்சைத் தண்ணீர் மாதிரி தெளிவாக நின்றது.

"என்ன தங்கச்சி, மேகம் இன்னிக்கு லீவா?" என்றான் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் அசடு வழியச் சிரித்தாள்.

"தண்ணி குளிரலை" என்றார் கொப்பரையார். "குளிர் பத்தலைன்னா இறங்காது."

அவள் கையில் இருந்த குவளை விரல் விறைக்கிற அளவுக்குக் குளிர்ந்திருந்தது. அவள் அவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. அவள் பாட்டிலிலிருந்து இன்னொரு கோப்பையில் ஊற்றி, வாயை லேசாகத் திறந்து முகர்ந்தாள். குபுக்கென்று எலுமிச்சை வந்தது, தரை துடைக்கிற திரவம் மாதிரி. அது போனதும் பின்னால் யாருமே இல்லை. விதை இல்லை, ஏலக்காய் இல்லை. விழுங்கிப் பார்த்தாள். தொண்டையில் வேர் தங்கவில்லை, வெறும் எரிச்சல்தான் தங்கியது.

ஊன்றுகோல் அம்மாவின் முகம் அவளுக்கு நினைவுக்கு வந்தது. பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள். பாட்டிலின் மேலே ஒட்டியிருந்த லேபிள் அவள் மேசையில் இருக்கிற அதே லேபிள். சாப்பாடு இறங்கவில்லை. அண்ணி என்ன ஏது என்று கேட்டதற்குத் தலைவலி என்றாள். அண்ணி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் சமையலறையில் நின்றபடியே கேட்டாள். "எப்போலருந்து?"

"என்ன எப்போலருந்து?"

"என்னை இன்னொரு தடவை கேக்க வைக்காதீங்க."

முதலில் அந்தப் பாட்டில் மட்டும் ஏதோ கெட்டுப்போனது என்றார். அப்புறம் பழைய சரக்கு என்றார். எப்படியெல்லாமோ பூசி மெழுகிப் பார்த்துவிட்டு, கடைசியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெரிய கடைகள் கேட்க ஆரம்பித்ததிலிருந்துதானாம். ஒரு கொப்பரையில் வடித்தால் அத்தனை கடைக்கும் எப்படிப் போதும்? தொப்பி வாசனைச் சத்தை டின் டின்னாக வரவழைத்தார். வெறும் சாராயத்தில் அதைக் கலந்து கடைக்கும் வாசல் அலமாரிக்கும் போகிறது. கொப்பரையில் நிஜமாக வடிப்பது அவளுடைய மேசைக்கு மட்டும்.

"யார் யாருக்குத் தெரியும்?"

அவர் எழுந்து தண்ணீர் மொண்டு குடித்தார்.

"அலமாரியில விக்கிறவருக்கு?"

தெரியும் என்று தலையை ஆட்டினார்.

"பாட்டில் நிரப்புறவங்களுக்கு?"

"அவங்க கையாலதானே கலக்குறாங்க."

"அப்ப ஆலைக்கே தெரியும். நான் ஒருத்திதான் கேனச்சி."

"உங்கிட்ட சொன்னா உன் மூஞ்சி தாங்காதும்மா" என்றார் அவர். குரல் இறங்கி, தலை லேசாகச் சாய்ந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. "தெரிஞ்சுக்கிட்டு உன்னால அந்த மேசையில நிக்க முடியுமா? நீ பொய் சொல்ல வேண்டாம்னுதான் உன் மேசைக்கு மட்டும் நான் பாத்துப் பாத்து வடிச்சேன். நீ சொன்னதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது. உன் கோப்பையில இருந்தது அத்தனையும் நிஜம். எல்லாம் உனக்காகத்தான் பண்ணினேன்."

"தூண்டில்ல குத்துற புழுவும் நிஜப் புழுதாங்க" என்றாள் அவள்.

துவைக்கப் போட்ட சட்டைகள் மூலையில் கிடந்தன. அதில் ஒன்றை எடுத்து முகர்ந்தாள். ஜூனிப்பர், தோல், விதை எல்லாம் சரியாக இருந்தது. இருக்காமல் எங்கே போகும்? அவளுக்கென்று தனியாக வடித்துவிட்டு வந்த சட்டையாயிற்றே. உலகத்தில் எல்லாரும் பொய் சொன்னாலும் இந்தச் சட்டை சொல்லாது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பியவள் அவள். சட்டையைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். அவர் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டார். தட்டிவிட்டாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போகமாட்டாள் என்றுதான் அவர் நினைத்தார். போனாள். மேசையைத் துடைத்தாள், தண்ணீரில் ஐஸ் போட்டாள். வாசல் அலமாரிக்குப் போய் ஒரு பாட்டிலை எடுத்துவந்து, தன் மேசைப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். விற்கிற ஆள், "எதுக்குக்கா?" என்று கேட்டபோது அவள் கோப்பைகளைத் துடைக்க ஆரம்பித்திருந்தாள்.

முதலில் வந்தது யார் என்கிறீர்கள்? அந்த ஊன்றுகோல் அம்மாதான். இந்தத் தடவை சிநேகிதிகள் நான்கைந்து பேரை வேறு அழைத்துக்கொண்டு வந்திருந்தார். "இந்தப் பொண்ணு சொன்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். மேசையக்கா கோப்பைகளை எடுக்கத் திரும்பினாள்.

ஒவ்வொருவருக்கும் இரண்டிரண்டு கோப்பை வைத்தாள். ஒன்றில் மேசைப் பாட்டில், ஒன்றில் அலமாரிப் பாட்டில். வழக்கமாகப் பேசுகிற எதையும் பேசவில்லை. ஒரே குவளையிலிருந்து எல்லாவற்றிலும் தண்ணீரைச் சொட்டினாள். ஒரு கோப்பையில் மேகம் சுழன்று இறங்கியது. பக்கத்துக் கோப்பை வெறும் தண்ணீராக நின்றது.

"இது ஏன்மா இப்படி?" என்றார் ஊன்றுகோல் அம்மா. "என் வீட்லயும் இப்படித்தானே இருந்துச்சு. ஐஸ் தண்ணிதான் ஊத்தினேன். என் கைதான் சரியில்லைன்னு நெனச்சுக்கிட்டேன்."

"வடிக்கிறவரையே கூப்பிடுறேன்மா. அவரே சொல்லட்டும்" என்றாள் மேசையக்கா. பின்பக்கக் கதவைத் திறந்து, "ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க" என்று குரல் கொடுத்தாள்.

கொப்பரையார் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மேசையில் ஜோடி ஜோடியாக இருந்த கோப்பைகளைப் பார்த்தார். அவர் நிஜத்தைச் சொல்லிவிடுவார் என்று அவள் நினைத்தாள். சொல்லட்டும், அப்புறம் தொப்பி என்ன செய்தாலும் இரண்டு பேருமாகச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடிகாலையில் மனசைத் தேற்றி வைத்திருந்தாள். அதற்காகத்தான் கூப்பிட்டாள். அவருக்கு அவள் விட்டுவைத்திருந்த ஒரே வழி அது.

"அது ஒண்ணும் இல்லைங்கம்மா" என்றார் அவர். "ரெண்டும் ஒரே சரக்குதான். கடைக்குப் போற பாட்டில் வெயில்ல கலங்கக்கூடாதுன்னு குளிர வெச்சு ஒரு தடவை வடிகட்டுவோம். மேகம் அதுல தங்கிடும். ருசியில மயிரிழைகூட வித்தியாசம் இருக்காது. ரெண்டையும் என் கையாலதான் வடிக்கிறேன்."

எங்கேயும் தடங்கல் இல்லை. மூக்கு சிவக்கவில்லை, புருவம் ஏறவில்லை. குரல் இறங்கி, தலை லேசாகச் சாய்ந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. நேற்றைக்குச் சமையலறையில் எல்லாம் உனக்காகத்தான் என்று சொன்னபோதும் இதே சாய்வு, இதே குரல். மேசையக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் இந்தக் குரலில் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வர ஆரம்பித்தது. அவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை.

சிநேகிதிகள் தலையாட்டினார்கள். ஒருத்தி கைப்பையைக்கூடத் திறந்துவிட்டாள். ஊன்றுகோல் அம்மா மட்டும் அவரைப் பார்க்கவில்லை. இவள் பக்கம் திரும்பி, "அப்படியாம்மா?" என்று கேட்டார்.

மேசையக்கா வாயே திறக்கவில்லை. அந்த அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தெளிந்த கோப்பையை மேசையில் வைத்து, விரலால் தள்ளி நகர்த்திவிட்டு, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். மற்றவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி எழுந்தார்கள். அலமாரிப் பக்கம் யாரும் போகவில்லை.

அறையில் அவர்கள் இரண்டு பேர்தான் மிச்சம். கொப்பரையார் மேசையைச் சுற்றிக்கொண்டு கிட்டத்தில் வந்தார். "இங்க பாரும்மா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு. சத்தியமா..."

"வேண்டாங்க" என்றாள் அவள். ஏப்ரனை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். "என் மூஞ்சியைப் பாத்து எல்லாரும் கண்டுபிடிச்சுடுறாங்க. உங்க மூஞ்சியைப் பாத்து எனக்கு ஒண்ணும் கண்டுபிடிக்கத் தெரியலை."